ஏழாம் கடிதத்தில் ஒரு பிழை

"அம்மா, எதை எதுல ஊத்தணும்?"

கெஸையா கேட்டது இவ்வளவுதான். டார்க்கஸ் ஆம்ப்ளருக்குப் பதில் தெரியவில்லை. தெரியாதது கூடப் பெரிதல்ல. அந்தப் பதிலை மூன்று வாரத்துக்கு முன்பே அச்சில் ஏற்றிவிட்டாளே, அதுதான் பெரிது.

லண்டனில், கிளார்க்கன்வெல் தெருக்களில் ஒன்றில், 1811 நவம்பர் மாதத்துப் புதன்கிழமை காலை அது. வேலைக்காரி கெஸையா அடுப்படியில் செப்புப் பாத்திரத்தை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். உப்புச் சாடியில் சாய்த்துவைத்த புத்தகம் அவள் முன்னால் விரிந்திருந்தது. 'அடுக்களை வேதியியல்: தங்கை மகளுக்குப் பன்னிரண்டு கடிதங்கள்.' எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஒரு பெண்மணி' என்று மட்டும் இருந்தது. அந்தப் பெண்மணி டார்க்கஸ்தான் என்பது உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒருவர், பியானோக்களுக்குச் சுருதி கூட்டும் வேலை பார்க்கும் அவள் கணவர் எட்மண்ட். அவர் கென்ட் பக்கம் வேலையாகப் போயிருந்தார். இன்னொருத்தி கெஸையா.

"ஏழாம் கடிதத்துல போட்டிருக்கேனே, பார்க்கலையா?" என்றாள் டார்க்கஸ்.

"பாத்துட்டுத்தான் கேக்குறேன். 'பாத்திரத்தில் திராவகத்தை எடுத்துக்கொள், அதன்மேல் தண்ணீரை ஊற்று'ன்னு இருக்கு. என் அண்ணன் துணி வெளுக்கிற பட்டறையில இருக்கான்ல? அவன் கந்தகத் திராவகத்தத் தூக்கிட்டுத் தண்ணிகிட்டப் போவானே ஒழிய, தண்ணியத் தூக்கிட்டுத் திராவகத்துகிட்டப் போகவே மாட்டான். மாத்திப் பண்ண ஒருத்தன் இப்ப சர்ச் வாசல்ல தொப்பிய நீட்டிட்டு உக்காந்திருக்கான். ரெண்டு கண்ணும் போச்சு."

"நான் கண்ணால பாத்து எழுதினேன் கெஸையா."

"எங்கேருந்து பாத்தீங்க?"

டார்க்கஸ் புத்தகத்தை எடுத்து மூடிவைத்தாள்.

அவள் பார்த்தது மாடத்திலிருந்து. அறிவியல் சொற்பொழிவு நடக்கும் மண்டபத்தில் பெண்களுக்கு மேல்மாடம்தான். ஆண்கள் கீழே மேசையைச் சுற்றி உட்கார்ந்து, எட்டி முகர்ந்து பார்ப்பார்கள், எழுந்து கேள்வி கேட்பார்கள். மாடத்தில் இருப்பவர்கள் கேட்கும் வழக்கம் இல்லை. டார்க்கஸுக்குத் தெரிந்ததெல்லாம் பேராசிரியரின் வழுக்கைத் தலையும், முன் வரிசைப் பெண்மணியின் தொப்பியில் ஆடிய இறகும், இரண்டு கண்ணாடிப் பாத்திரங்களும்தான். இரண்டிலும் இருந்தது தண்ணீர்போலத் தெளிவாகத்தான் இருந்தது. அவர் ஒன்றை எடுத்து மற்றதில் சாய்த்தார். ஆவி எழுந்தது. மாடம் முழுக்கப் பெருமூச்சு விட்டது.

எது எதில் போனது?

அன்று மாலை குறிப்பெழுத உட்கார்ந்தபோதும் இந்த இடத்தில் பேனா நின்றது அவளுக்கு நினைவிருந்தது. பிறகு கை தானாக ஓடிவிட்டது. மாவை முதலில் போட்டுத் தண்ணீர் விடுகிறோம். தேயிலையைப் போட்டுத் தண்ணீர் விடுகிறோம். அடுப்படியில் தண்ணீர் எப்போதும் கடைசியில்தான். அப்படியே எழுதிவிட்டாள்.

"கடைசித் தெரு மருந்துக் கடையில கொஞ்சம் திராவகம் வாங்கிட்டு வா" என்றாள்.

பின்கட்டு முற்றத்தில் தடித்த மண்கிண்ணத்தை வைத்து, அதில் கால் பங்கு திராவகம் விட்டார்கள். துடைப்பக் கம்பின் நுனியில் ஒரு கரண்டியைக் கட்டினாள் கெஸையா. இருவரும் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, கரண்டியில் தண்ணீரை நிரப்பிக் கம்பை நீட்டிச் சாய்த்தார்கள். வாணலிக் கொதியெண்ணெயில் தண்ணீர் விழுந்தால் எப்படி இருக்குமோ, அப்படி ஒரு சத்தம். கிண்ணம் துள்ளியது. துளிகள் செங்கல் தரையெங்கும் தெறித்தன. கயிற்றில் காய்ந்த துணி ஒன்றில் பட்ட இடமெல்லாம் பழுப்பாகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓட்டை விழுந்தது. அந்தத் துணி முக உயரத்தில் தொங்கியது.

கெஸையா கம்பை மெல்லக் கீழே வைத்தாள்.

"துணி பழசுதான்" என்றாள் கெஸையா, எதையாவது சொல்ல வேண்டுமே என்று.

அந்த நேரம் பார்த்துத்தான் தபால் வந்தது. பதிப்பாளர் கிரிம்ஷாவின் கடை வழியாகச் சுற்றி வந்த கடிதம். ஹெர்ட்ஃபோர்டுக்கு வெளியே பெண்கள் பள்ளி ஒன்றை நடத்தும் மிஸ் தீர்ஸா லவெல் என்பவர், முகம் தெரியாத ஆசிரியைக்கு எழுதியிருந்தார். ஆறு பிரதிகள் வாங்கியிருக்கிறோம். வரும் வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஏழாம் கடிதத்தின் சோதனையைச் செய்யப் போகிறோம். பதினெட்டு மாணவிகளும் மேசையை ஒட்டி நிற்பார்கள். 'தொலைவில் நின்று பார்ப்பவள் எதையும் கற்பதில்லை' என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள் அல்லவா?

டார்க்கஸ் அதை நின்றபடி படித்தாள். பிறகு உட்கார்ந்து மறுபடி படித்தாள். வியாழக்கிழமை என்பது நாளை.

பவுல் தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த கிரிம்ஷாவின் கடைக்கு அவள் அதுவரை போனதே இல்லை. கையெழுத்துப் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தது, பேசியது எல்லாம் எட்மண்ட்தான். கிரிம்ஷா பேனா முனையைத் துணியில் துடைத்துக்கொண்டே அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"மேடம், போன மாசம்கூட ஒருத்தர் வந்து, எங்க சமையல் புத்தகத்துல உப்பு அதிகமா இருக்குன்னு சொல்லிட்டுப் போனார். பக்கத்துக் கடைக்காரன் அனுப்பின ஆள்."

"அந்தப் புத்தகத்த எழுதினது நான்தாங்க."

"எழுதினவங்கள நான் பாத்ததே இல்ல. ஒல்லியா ஒரு மனுஷர் வந்து குடுத்தார்."

"என் வீட்டுக்காரர். பேசும்போது விரலால மேசையில தட்டிட்டே இருப்பார்."

கிரிம்ஷா நிமிர்ந்து பார்த்தார். மேசையைத் தட்டியது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "சரி, நீங்கதான்னே வெச்சுக்குவோம். அதுக்கு நான் என்ன பண்ணணும்? 'பொம்பள எழுதின வேதியியல் தப்பு'ன்னு நானே தெருத்தெருவாத் தமுக்கு அடிக்கவா? ஊரே அதுக்குத்தான் காத்துட்டிருக்கு. அடுத்த பதிப்புல ஒரு திருத்தச் சீட்டு ஒட்டிடலாம்."

"அடுத்த பதிப்பு எப்ப?"

"வசந்த காலத்துல. வித்துச்சுன்னா."

"நாளைக்குப் பதினோரு மணிக்குப் பதினெட்டு பொண்ணுங்க அந்தப் பாத்திரத்துக்கு மேல குனிஞ்சு நிப்பாங்க."

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. "என்ன வயசு?"

"பத்துலேருந்து பதினஞ்சு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்துக்கொண்டார். "அவங்களுக்கு ஒரு கடிதம் போட்டுடுங்க மேடம்" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

போட்டாள். அன்றைய தபாலில் சேர்த்துவிட்டுத்தான் விசாரித்தாள். ஊருக்கு வெளியே இருக்கும் வீடுகளுக்கு ஹெர்ட்ஃபோர்டுத் தபால்காரர் மதியம் தாண்டித்தான் நடந்து போவாராம். மதியம். பதினொன்றுக்குப் பிறகு வரும் மதியம். அன்றைக்குப் புறப்பட வேண்டிய வண்டிகள் எல்லாம் போய்விட்டிருந்தன. மறுநாள் காலை ஆறு மணி வண்டியில் இரண்டு இடம் சொன்னாள். கணவர் துணையில்லாமல் அவள் ஊர்விட்டு ஊர் போனதில்லை. அந்தப் பயம் இருந்த இடமே தெரியாமல் போய்விட்டிருந்தது. அதைவிடப் பெரிய பயம் எல்லா இடத்தையும் அடைத்துக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை மூடுபனி. வண்டியோட்டி இறங்கி, குதிரைகளின் கடிவாளத்தைப் பிடித்து நடத்திக்கொண்டு போகிற அளவுக்கு மூடுபனி. எதிர் இருக்கையில், வேர் என்ற ஊரைச் சேர்ந்த, பீர் காய்ச்ச முளைகட்டிய பார்லி விற்கும் வியாபாரி ஒருவர் பரந்து உட்கார்ந்திருந்தார். டார்க்கஸ் அவரிடம் ஆறாவது தடவையாக மணி கேட்டாள்.

"ஏம்மா, மடியில முள்ளம்பன்னிய வெச்சிருக்க மாதிரி உக்காந்திருக்கீங்களே. கல்யாணத்துக்கா, கருமாதிக்கா?"

"ரெண்டுக்கும் இல்ல. இஸ்கூலுக்கு" என்றாள் கெஸையா.

"இந்த வயசுலயா?"

"சில பேருக்கு இந்த வயசுலதான் புத்தி வருது. சில பேருக்கு இன்னும் வரல."

வியாபாரி குலுங்கிச் சிரித்தார். பிறகு டார்க்கஸின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, பையிலிருந்து கடிகாரத்தைச் சங்கிலியோடு கழற்றி அவள் கையில் வைத்தார். "இறங்குற வரைக்கும் நீங்களே வெச்சுக்குங்க. எனக்குப் பதில் சொல்லி வாய் வலிக்குது."

அது உதவியா, தண்டனையா என்று அவளுக்குத் தெரியவில்லை. வால்தம் கிராஸில் குதிரை மாற்றியபோது ஒன்பதே கால். ஹாட்ஸ்டனில் பத்து ஐம்பது. இன்னும் இரண்டு மைல் இருந்தது. உள்ளங்கையில் முள் நகர்ந்தது. பதினொன்று ஆனது. பதினொன்று ஐந்து ஆனது.

அவள் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. மூடினால் முற்றத்துக் கயிறு தெரிந்தது. துணி தொங்கிய இடத்தில் முகங்கள் தெரிந்தன. இந்நேரம் ஊற்றியிருப்பார்கள். இந்நேரம் யாரோ ஒருத்தி கையால் கண்ணைப் பொத்திக்கொண்டிருப்பாள். மற்றவர்கள் புத்தகத்தைப் புரட்டி, இதற்கு என்ன செய்வது என்று தேடிக்கொண்டிருப்பார்கள். அதை டார்க்கஸ் எழுதியிருக்கவில்லை. புத்தகத்தில் எங்குமே எழுதியிருக்கவில்லை.

"போய்ச் சேருவோம்" என்றாள் கெஸையா.

"சேந்து?"

கெஸையா தன் சால்வையில் பாதியை அவள் தோளில் போட்டாள்.

பள்ளிக்குத் திரும்பும் பாதையில் வண்டி நின்றபோது பதினொன்று இருபத்தைந்து. டார்க்கஸ் கடிகாரத்தை இருக்கையில் வைத்துவிட்டு, பாவாடையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு சேற்றில் ஓடினாள். செங்கல் வீடு. வாசலில் யாரும் இல்லை. அழுகைச் சத்தமும் இல்லை. பதினெட்டுப் பெண்கள் இருக்கும் வீட்டில் சத்தமே இல்லை.

கதவைத் தள்ளினாள். உள்ளறையிலிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது. நிறுத்தி நிறுத்தி, சுத்தமான உச்சரிப்பில், டார்க்கஸின் வாக்கியங்களையே வாசித்துக்கொண்டிருந்தது.

"பாத்திரத்தில் திராவகத்தை எடுத்துக்கொள். அதன்மேல்..."

நீண்ட மேசை. அதன் நடுவில் கண்ணாடிப் பாத்திரம். சுற்றிலும் குனிந்த தலைகள். பாத்திரத்துக்கு நேர் எதிரே உயரமான ஒரு பெண் கையில் தண்ணீர்க் குவளையோடு நின்றாள்.

"ஊத்தாதே."

கத்த வேண்டும் என்றுதான் நினைத்தாள். வந்தது கரகரத்த சின்னக் குரல். ஆனாலும் அந்தப் பெண்ணின் கை நின்றது. டார்க்கஸ் தலைகளுக்கு நடுவே நுழைந்துபோய்க் குவளையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். பாதித் தண்ணீர் தன் மேலேயே சிந்தியது.

"யாரு நீங்க?" மேசையின் தலைப்பில் நின்றவர் கேட்டார். நரைக்கத் தொடங்கிய, நிமிர்ந்த பெண்மணி. வலது கை மணிக்கட்டுவரை வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. இடது கண்ணுக்கு ஒரு விரல் கீழே, கடுகளவில் மூன்று புண்கள். "இங்க பாடம் நடந்துட்டிருக்கு."

"நீங்க மிஸ் லவெல்தானே? புத்தகத்துல தப்பு இருக்கு."

"புத்தகத்துல ஒரு தப்பும் இல்ல. திங்கக்கிழமை நானே தனியாப் பண்ணிப் பாத்தேன். என் கை நடுங்கிருச்சு, தெறிச்சிருச்சு. அதனாலதான் இன்னைக்கு எல்லாரையும் அந்தக் கடிதத்த ரெண்டு தடவ வாசிக்க வெச்சேன். கை நடுங்காத பொண்ணாப் பாத்து ஃபீபிய நிறுத்திருக்கேன்."

அந்த இரண்டு வாசிப்புகள்தாம் இருபத்தைந்து நிமிடத்தை எடுத்துக்கொண்டிருந்தன. டார்க்கஸ் அந்தக் கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள். சொந்தக் கை வெந்துபோன பிறகும் இந்த அம்மாள் அச்சில் இருப்பதைத்தான் நம்பியிருக்கிறார்.

"உங்க கை நடுங்கல மிஸ்."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எழுதினது நான்."

மிஸ் லவெலின் பார்வை சேறு படிந்த பாவாடை விளிம்பில் தொடங்கி, கோணியிருந்த தொப்பிவரை ஏறியது. ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள்.

"அத எழுதினவங்க பெரிய படிப்பாளி. பன்னெண்டு கடிதத்தையும் நான் மூணு தடவ படிச்சிருக்கேன்."

"எழுதினவ மேல்மாடத்துல உக்காந்து பாத்தவ. எது எதுல போச்சுன்னு அவளுக்குத் தெரியல. தெரியலன்னு எழுத வெக்கப்பட்டா. அதான் நடந்தது."

சிரித்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். மிஸ் லவெல் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நானும் அதே மாடத்துல உக்காந்திருக்கேன்" என்றார். "இறகுத் தொப்பிங்க மறைக்கும்." பிறகு கட்டுப்போட்ட கையை மேசைமேல் வைத்தார். "மூணு நாளா என்னையே திட்டிட்டிருக்கேன். இந்தப் பொண்ணுங்க முன்னாடி, எனக்கு ஒரு சோதனை ஒழுங்காப் பண்ணத் தெரியல, நான் ஒரு முட்டாள்னு சொன்னேன். அதுக்கு என்ன பண்ணப் போறீங்க?"

"தெரியல" என்றாள் டார்க்கஸ். "உங்க கைக்கும் என்ன பண்றதுன்னு தெரியல."

"அப்ப தெரிஞ்சதப் பண்ணுங்க. சரியான வழியக் காட்டுங்க."

டார்க்கஸ் அதைச் செய்து பார்த்ததில்லை. முற்றத்தில் செய்தது தவறான வழியை மட்டும்தான். கெஸையாவைத் திரும்பிப் பார்த்தாள். கெஸையா தலையசைத்தாள். மாணவிகளைச் சுவரோரம் போய் நிற்கச் சொன்னபோது ஃபீபி முணுமுணுத்தாள்: "கிட்ட நிக்கணும்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

"அதுவும் பாதிதான் சரி. சுவத்துகிட்டப் போ."

பெரிய கிண்ணத்தில் தண்ணீரை நிரப்பினாள். திராவகப் பாத்திரத்தை எடுத்து, மணிக்கட்டை மேசை விளிம்பில் ஊன்றிக்கொண்டு, கிண்ணத்தின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விட்டாள். சொட்டு இறங்கியது. தண்ணீருக்குள் கண்ணாடி நூல்போல ஏதோ நெளிந்து அடிக்குப் போனது. இன்னொரு சொட்டு. கிண்ணம் சூடேறியது. வேறொன்றும் நடக்கவில்லை.

"இவ்வளவுதானா?" என்றாள் சுவரோரத்திலிருந்து ஒருத்தி, ஏமாற்றத்தோடு.

"இவ்வளவுதான். திராவகம் தண்ணிய விடக் கனம். தண்ணியில விட்டா உள்ள இறங்கிப் போய், சூட்டத் தண்ணி முழுக்கப் பங்கு போட்டுக்கும். மாத்தி விட்டா, லேசான தண்ணி மேலயே நின்னு, நின்ன இடத்துலயே கொதிச்சு, பக்கத்துல இருக்கிற திராவகத்தையும் தூக்கி அடிக்கும்."

"பால்ல தேன் விட்டா அடிக்குப் போகுதுல்ல, அது மாதிரி" என்றாள் கெஸையா. அது எல்லோருக்கும் புரிந்தது.

ஃபீபி கேட்டாள்: "உங்களுக்குப் பயமா இருந்துச்சா?"

"இப்பவும் இருக்கு."

அந்தப் பள்ளியின் ஆறு பிரதிகளிலும் டார்க்கஸ் தவறான வரியை அடித்துவிட்டுச் சரியானதைத் தன் கையால் எழுதினாள். ஆறிலும் கீழே தன் முழுப் பெயரையும் தெருவையும் எழுதினாள். பெயரில்லாத திருத்தத்தை யார் நம்புவார்கள்? மிஸ் லவெல் இடது கையால் மை உறிஞ்சும் தாளை ஒற்றினார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. போகும்போது ரொட்டியும் வெண்ணெயும் கட்டிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் செய்தித்தாளில் அதே பெயரோடு ஓர் அறிவிப்பு வந்தது. 'அடுக்களை வேதியியல்' எழுதியது நான், ஏழாம் கடிதம் தவறு, இப்படித் திருத்திக்கொள்ளுங்கள் என்று. கிரிம்ஷா அதற்குப் பிறகு ஒரு மாதம் எட்மண்டிடம் பேசவில்லை. ஒரு பத்திரிகைக்காரர், அடுப்படிக்காரிகள் அடுப்படியோடு நிற்பது நாட்டின் கண்களுக்கு நல்லது என்று எழுதினார். எட்மண்ட் அதைப் படித்துவிட்டு, மேசையைத் தட்டிக்கொண்டே, அந்த ஆளின் பியானோவுக்கு இனி சுருதி கூட்டுவதில்லை என்று மட்டும் சொன்னார். கடைசியில் கிரிம்ஷாவே புத்தகம் போன ஊர்களின் பட்டியலை ஒரு பையனிடம் கொடுத்தனுப்பினார். குறிப்பு எதுவும் வைக்கவில்லை.

விற்றவை நூற்று நாற்பது பிரதிகள். அந்தக் குளிர்காலம் முழுக்க டார்க்கஸ் ஒவ்வொரு புத்தகக் கடைக்கும், ஒவ்வொரு வீட்டுக்கும் எழுதினாள். பிறகு அவள் வெப்பத்தைப் பற்றியும், காற்றைப் பற்றியும், ரொட்டி விலை ஏன் ஏறுகிறது என்பதைப் பற்றியும் புத்தகங்கள் எழுதினாள். அவற்றில் உள்ள சோதனைகளை எல்லாம் பின்கட்டு முற்றத்தில் கெஸையா செய்து பார்த்துத் தலையசைத்த பிறகுதான் தாளில் எழுதினாள். தனக்குத் தெரியாத இடத்தில் 'எனக்குத் தெரியவில்லை' என்றே எழுதினாள். படித்தவர்களுக்கு அந்த வரிகள்தாம் பிடித்திருந்தன.

ஆனாலும் தபால்காரர் கதவைத் தட்டும்போதெல்லாம் அவள் கை நின்றுவிடும். இறக்கும்வரை, இருபத்திரண்டு வருடம், அப்படித்தான். ஏனென்றால் திருத்தப்பட்டவை நூற்று முப்பத்து மூன்று. மீதி ஏழு எங்கே போயின என்று தெரியவில்லை. ஒன்றைப் பிரிஸ்டலில் ஒரு மாலுமி வாங்கிப் போனாராம். ஒன்று சந்தையில் கைமாறியதாம். மற்ற ஐந்தைப் பற்றி அந்தத் தகவலும் இல்லை. அவற்றால் யாருக்காவது ஏதாவது ஆனதா என்பதும் தெரியவில்லை.

பழைய புத்தகங்கள் சீக்கிரம் சாவதில்லை. யாரோ ஒருவர் வீட்டுப் பரணில், யாரோ ஒரு சிறுமி எட்டி எடுக்கக்கூடிய உயரத்தில், அந்த ஏழில் ஒன்று இன்னும் இருக்கலாம். அது எந்த வீடு என்று நமக்குத் தெரியாது. அதனால் இதைப் படித்தவர்கள் இன்னொருவருக்குச் சொல்லுங்கள். அவர் இன்னொருவருக்குச் சொல்லட்டும். போகிற வழியில் அந்த ஏழு வீடுகளுக்குள்ளும் இந்தக் கதை நுழைந்து போகட்டும்.